கையைக் கட்டு, வாயில் விரல்

1

இந்தக் கதையை நான் யோசித்து உருவாக்கவில்லை. பழைய கைபேசி ஒன்றில் ஏழு வருடமாகக் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கார்கி அதைச் சார்ஜரில் போட்டு, உள்ளே இருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இருபத்திரண்டு நொடி. அன்றிலிருந்து தொடக்கம் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

புனேயில் அன்று நல்ல மழை

(மழையே இல்லை. சோகமாகத் தொடங்க வேண்டுமென்றால் எங்களுக்கு உடனே மழை வேண்டும்.)

வேலைக்குப் போகும் தாயின் மனம் என்பது

(இதையும் அடித்துவிட்டேன். பொதுவாகப் பேசினால் நான் தப்பித்துவிடுவேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். கார்கிக்கு ஒன்றே முக்கால் வயதானபோது அவளைப் பகலில் விட ஓர் இடம் தேர்ந்தெடுத்தேன். தப்பாகத் தேர்ந்தெடுத்தேன்.

2

பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வீட்டை எங்கள் புனேயில் தொட்டில்வீடு என்போம். தெருமுனையில் லிமயே காகூ ஒன்று நடத்திவந்தார். தெருவுக்கே அவர் காகூதான், சித்தி மாதிரி. வாசலில் ஒரு பலகை: ‘ஒன்றிலிருந்து நாலு வரை மணி அடிக்க வேண்டாம். பிள்ளைகள் தூங்குகிறார்கள். எழுப்பியவரே தூங்க வைத்துவிட்டுப் போகவும்.’

நாங்கள் காலையில் போனோம். பதினொரு பிள்ளைகள். ஒருவன் மேஜைக்கடியில் நாயாகக் குரைத்துக்கொண்டிருந்தான். கார்கி என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, அவன் பக்கத்தில் போய்க் குரைத்தாள்.

“எப்பவுமே இவ்ளோ சத்தமா காகூ?” என்றார் என் கணவர் மந்தார்.

“இல்லையே. இன்னிக்கு ரெண்டு பேர் வரல.”

“கொஞ்சம் ஒழுங்கா உட்கார வைக்கலாமே” என்றேன் நான்.

காகூ மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சத்தம் வேணாம்னா மீன்தொட்டி வாங்கி வைம்மா. வேளைக்குத் தீனி போட்டா போதும்.”

மந்தார் படியிறங்கும்வரை சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

(முதல் வரைவில் இந்தக் கோபத்தை மந்தாருக்குக் கொடுத்திருந்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கோபித்தவள் நான். குத்திப் பேசுகிறவர்களைத்தான் எங்கள் ஊரில் நம்பிப் பிள்ளையை விடலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாமலா போகும்?)

3

அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட காப்பகம். உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள், வண்ணப் பாயில் வரிசையாக, ஒரு கையைக் கட்டி, மறு கை விரலை வாயில் வைத்து.

“பதினெட்டு பேர் இருக்காங்கன்னு வாசல்ல நிக்கிறவங்களுக்கே தெரியாது மேடம்” என்றாள் அங்கே இருந்த பெண், பெருமையாக.

நானும் மந்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ‘கையைக் கட்டு, வாயில் விரல்.’ எங்கள் பள்ளிகளில் எழுத்துக்கு முன்னால் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். சொந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. அங்கேயே சேர்த்துவிட்டோம்.

4

கார்கி அப்போது ஐம்பது வார்த்தை பேசுவாள். மந்தார் பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். மூன்று மாதத்தில் அதில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. பழையதும் ஒவ்வொன்றாகக் காதில் விழாமல் போயிற்று. நாங்கள் கவனிக்கவில்லை. பிள்ளை பெரியவளாகிறாள், அடங்குகிறாள் என்றோம்.

ஒரு சாயங்காலம் என் முன்னால் வந்து உட்கார்ந்து, கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து, தண்ணீர்ப் பாட்டிலையே பார்த்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீடியோ எடுத்தேன். குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன். சாத்தாரா ஊரிலிருந்து மாமனார், “சபாஷ்! நம்ம வீட்டுப் பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்” என்றார்.

அடுத்த வாரம் அலமாரிக் கதவை நான் சாத்தியபோது அவள் விரல் இடுக்கில் இருந்தது. நகம் கறுத்துவிட்டது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை. மறு கையின் விரல் வாயில் இருந்தது.

“அழு கார்கி! அழுடி! சத்தமா அழு!”

கத்தியவள் நான்.

(ரொம்பப் பொருத்தமாக அமைந்த காட்சி, நம்ப முடியவில்லை என்று நீங்கள் சொல்லலாம். நானே இட்டுக்கட்டியதாக இருக்கக் கூடாதா என்றுதான் எனக்கும் இருக்கிறது.)

5

முடிவு ஒன்று: காகூவின் காலில் விழுந்தேன். மூன்றாம் நாளே கார்கி மேஜைக்கடியில் குரைத்தாள். (நல்ல முடிவு. பொய்.)

முடிவு இரண்டு: கண்ணாடிக் கதவு அதிரச் சண்டை போட்டேன். (இதுவும் பொய். “வீடு மாத்துறோம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அவள் டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.)

நடந்தது: காகூவிடம் இடமில்லை. “அன்னிக்கே வந்திருக்கலாமேம்மா” என்றார். குத்தாமல், மெதுவாகச் சொன்னார். அது இன்னும் வலித்தது. நான் வேலையை விட்டேன். ஏழு மாதம் கழித்துக் கார்கி பேசத் தொடங்கினாள். இப்போது ஒன்பது வயது, நன்றாகவே பேசுகிறாள். ஆனால் வயிறு வலித்தால் மறுநாள்தான் சொல்வாள். அது அவள் சுபாவமா, நான் செய்ததா, தெரியாது. தெரியாமலேதான் சாவேன்.

6

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

“அம்மா, நான் எவ்ளோ சமத்து பாரேன்! பின்னாடி யாரு இப்படிச் சிரிக்கிறது?”

“நான்தான்.”

அவள் மறுபடி போட்டாள். மறுபடியும். இருபத்தோராவது நொடியில் குழந்தை வாயிலிருந்து விரலை எடுக்கிறது. உதடு பிரிகிறது. வேடிக்கை முடிந்தது என்று நினைத்து நான் அங்கே பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டேன்.

“அம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்?”

‘தண்ணி’ என்று எழுதி அடித்தேன். ‘அம்மா’ என்று எழுதி அதையும் அடித்தேன். கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே அவள் வாயில் ஒரு வார்த்தை வைத்தால் அது அடுக்காது. நீங்கள் அன்று அங்கே சிரிக்கவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

கார்கி வாயிலிருந்து விரலை எடுத்து, “