47.60 உடையும்வரை

பெண்கள் 400 மீட்டர் உலக சாதனைக்கும் எனக்கும் ஒரே வயது. 1985 அக்டோபரில் ஒரு கிழக்கு ஜெர்மனிக்காரர் அந்த ஒற்றைச் சுற்றை 47.60 விநாடியில் ஓடி முடித்தார். அதே மாதம் சாந்தோமில் நான் பிறந்தேன். என் பிறந்த தேதியில் அப்பாவுக்கு அவ்வப்போது சந்தேகம் வரும். அந்தச் சாதனைத் தேதியில் வந்ததே இல்லை.

அப்பா பெயர் ரொனால்ட். ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர், வயது எண்பத்தொன்று. அம்மா இறந்த பிறகு சாந்தோமில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். இருபத்திரண்டு படி ஏற வேண்டும். வேளச்சேரியில் என் வீட்டில் லிஃப்ட் உண்டு, அவருக்கென்று ஓர் அறையும் உண்டு. ஆறு வருடமாகக் கூப்பிட்டேன். பதில் ஒன்றுதான்.

"அந்த 47.60 உடையட்டும். மறுநாளே கெளம்பி வரேன்."

நாற்பது வருடமாக யாரும் நெருங்காத சாதனை. நிபந்தனை போடுவதில் மனிதர் கெட்டிக்காரர்.

2025 செப்டம்பரில் டோக்கியோவில் உலகப் போட்டி நடந்தது. அரையிறுதியில் ஓர் அமெரிக்கப் பெண் 48.29 ஓடினார் என்று படித்தேன். இறுதிப் போட்டி அன்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு சாந்தோமுக்குப் போனேன். நான் ஓட்டப்பந்தயம் பார்த்தே இருபது வருடம் ஆகிறது. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்காக மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் படியேறினேன்.

அப்பா டிவி முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்டாப்வாட்ச். டோக்கியோவில் மழை பெய்து ஓடுதளம் நனைந்திருந்தது. வெடிச் சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்தினார். கடைசி நூறு மீட்டரில் எழுந்தே விட்டார்.

"வாம்மா, வா! தோள இறக்கு! விட்றாத!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் சாதனையை உடைத்தால் இவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இவர் யார் கட்சி?

திரையில் 47.78 என்று வந்தது.

"போச்சு," என்றேன். அழுகையே வந்துவிட்டது.

அப்பா திரையைப் பார்க்கவில்லை. ஸ்டாப்வாட்சை என் முன் நீட்டினார். 47.52.

"உடைஞ்சிடுச்சு, பாரு," என்றார்.

கையால் அழுத்தும் கடிகாரம் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். சத்தம் கேட்டு விரல் அசைய நேரம் பிடிக்கும் இல்லையா? அதனால் 400 மீட்டருக்கு 0.14 கூட்டிக்கொள்ள வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். என் பத்தொன்பது வயதில் மாநில முகாமில் இடம் பிடிக்க 56.00-க்குள் ஓட வேண்டியிருந்தது. அவர் கடிகாரத்தில் நான் ஓடியது 55.9. மற்ற வாத்தியார்கள் கடிகாரத்தில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்பினார்கள். என் அப்பா மட்டும் 0.14 கூட்டி 56.04 என்று எழுதினார். அதோடு நான் ஓடுவதை நிறுத்தினேன். அவரை மன்னிக்கவும் இல்லை.

"0.14 கூட்டலையா டாடி?" என்றேன். குரலில் இருந்த கோபத்தை நான் மறைக்கவில்லை.

கூட்டினால் 47.66. அவருக்குத் தெரியாத கணக்கா? கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன மாசம் படியில விழுந்துட்டேன் கரோல். ரெண்டு தடவ. உங்கிட்ட சொல்லல. தனியா இருக்க பயமா இருக்கு," என்றார்.

இந்த மனிதர் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. கடிகாரத்தை வாங்கி வைத்தேன். அவர்மேல் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

"அன்னிக்கு எனக்கும் கூட்டாம விட்டிருக்கலாம் டாடி."

"விட்டிருக்கலாம்மா," என்றார். "எழுதி அனுப்பின அன்னிக்கே தெரியும்."

அவர் துணிகளை எடுத்து வைக்க உள்ளே போனேன். அலமாரியைத் திறந்துவிட்டு, அதன் முன்னாலேயே நின்று அழுதேன்.