விளம்பரத்தில் அக்கா

காலை ஏழரைக்கு அக்கா போன் செய்தாள். "டேய், பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். நானே என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தபோது புரிந்தது. நிழற்குடையின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு அவள் படம். தலையெல்லாம் சிமெண்டுத் தூசி, வாய் பிளந்த அழுகை, முன்னால் நீட்டிய இரண்டு கைகள். மேலே கொட்டை எழுத்தில், 'உங்கள் குடும்பத்தை இப்படி விட்டுப் போவீர்களா?' கீழே ஒரு விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியின் போன் நம்பர்.

நான் எடுத்த படம்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால், கட்டிக்கொண்டிருந்த மாடியின் கான்கிரீட் தளம் சரிந்தபோது அக்காவின் புருஷன், என் மாமா, அடியில் இருந்தார். சென்ட்ரிங் வேலை. அக்கா அங்கேயே சித்தாள். செய்தி கேட்டு ஓடியவன் நான். கேமராவோடு ஓடியவனும் நான்தான். உள்ளே ஆளே இல்லை என்று சாதித்த கான்ட்ராக்டர், அந்தப் படம் வந்த பிறகுதான் வாயை மூடினான். அதைச் சொல்லியே எட்டு மாதமாக என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

முன்பு எங்கள் பத்திரிகையில் என்னையும் சேர்த்து போட்டோகிராபர்கள் ஆறு பேர். நிருபரே போனில் எடுத்துவிடுகிறார் என்று ஒரே நாளில் ஆறு பேரையும் அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு பட ஏஜென்சிக்குத்தான் அனுப்புகிறேன். முதலில் போய்ச் சேரும் படம்தான் விற்கும். பத்து நிமிஷம் பிந்தினால் குப்பை. படத்தை ஏற்றும்போது ஒரு கட்டம் வரும்: 'படத்தில் இருப்பவரின் சம்மதம் உண்டா? எல்லாப் பயன்பாட்டுக்கும்?' டிக் போட்டால் படம் பட்டியலில் மேலே நிற்கும். அன்று இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு லாரியின் படியில் உட்கார்ந்து டிக் போட்டேன். சொந்த அக்காதானே, கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவளோ அப்போது கையாலேயே கல்லை அள்ளிக்கொண்டிருந்தாள்.

ஏஜென்சிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள்.

"எடுக்க முடியாது சார். ஒரு வருஷத்துக்குக் குடுத்தாச்சு. சம்மதம் இருக்குன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"நான் கேக்காமப் போட்டுட்டேன்மா. அவங்க என் கூடப் பிறந்தவங்க."

"அப்படித்தான் சார் ஃபார்ம்லயும் எழுதியிருக்கீங்க. தம்பின்னு. அதனாலதான் நாங்க நம்பினோம்."

மதியம் அக்கா வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். மணல் குவியலுக்குப் பக்கத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க டைரக்டர் சார்," என்றாள் ஒருத்தி. "உங்க அக்காவை மட்டும் பெரிய ஆளாக்கிட்டீங்க. எங்க மூஞ்சிக்கெல்லாம் என்ன கொறச்சல்?"

இன்னொருத்தி அவள் தொடையில் கிள்ளினாள். சிரிப்பு நின்றுபோயிற்று. அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்து தள்ளி வந்தாள்.

"எடுத்துருவாங்களா?"

"இல்லக்கா. ஒரு வருஷம் இருக்கும்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம், டிக், லாரிப் படி. கன்னத்தில் ஓர் அறை விழும் என்று நினைத்தேன். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"பேப்பர்ல வந்தப்ப சின்னதா இருந்துச்சு. என் கண்ணு எங்க பாக்குதுன்னே தெரியல. இப்ப பெருசா இருக்குல்ல, நல்லாத் தெரியுது. படத்துல இருக்கிறவ கடவுள்கிட்ட முறையிடுறான்னு பஸ்ஸுல ஒருத்தர் சொல்லிக்கிட்டு வந்தாரு. நான் யாரைப் பாத்துடா கையை நீட்டினேன்?"

"என்னைப் பாத்து."

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பின்னால போன?"

போனேன். அவள் என்னை நோக்கி வந்தாள். 'தம்பி' என்றுகூடக் கத்தினாள். என் கேமராவில் இருந்தது அகல லென்ஸ். கிட்டே வரும் கை அதில் பூதம்போல வீங்கி முகத்தை மறைத்துவிடும். பதினேழு வருஷம் பழகிய கால். என்னைக் கேட்காமலே இரண்டடி பின்வாங்கியது. முகமும் கைகளும் சட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்தன. நாலு முறை அழுத்தினேன். அதற்குள் அவள் கால் தடுக்கி விழுந்தாள். யாரோ ஒரு டிரைவர்தான் தாங்கிப் பிடித்தார்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது? என் வாயில் வந்தது இதுதான்:

"கை பெருசா விழும்க்கா."

"கை பெருசா விழும்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். பாடத்தை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். தன் கையைப் புரட்டிப் பார்த்தாள். சிமெண்டு தின்ற விரல்கள், வெடித்த நகங்கள்.

மேஸ்திரி விசில் ஊதினார். அக்கா முந்தானையை உதறிச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்தாள். கலவை நிரம்பிய சட்டி தரையில் இருந்தது. அதைத் தூக்கித் தலையில் வைக்க இன்னொரு ஆள் வேண்டும். நான் குனிந்து ஒரு பக்கத்து விளிம்பைப் பிடித்தேன்.

அவள் மறுபக்கத்தைப் பிடிக்கவில்லை. நிமிர்ந்தபடியே என் தலைக்கு மேலாகப் பார்த்து, சற்றுமுன் கேலி பேசியவளோ வேறு எவளோ, ஒருத்தியைக் கூப்பிட்டாள்.

"ஏய், இங்க வா. கொஞ்சம் தூக்கி விடு."