தலைமேல் வைத்த திருமுகம்

பனிமுடி தரித்த எரிமலைகள் இருமருங்கும் காவல் நிற்க, அவற்றின் அடிவாரத்தினின்று மக்காச்சோளக் கொல்லைகள் படிப்படியாய் இறங்கி ஆற்றங்கரையில் முடிய, இசுபானியர் ஆண்ட கித்தோ நாட்டின் தென்கோடியில் கிடந்த சான் கீல் என்னும் சிற்றூரில், இளவெயில் கூரையோடுகளின்மேல் ஏறிய காலைப்பொழுதில், நகரவைக் கூடத்தின் கதவுகள் திறந்தன. இசுபானிய மன்னரின் ஆணை தாங்கிய மடலாகிய திருமுகம் வந்திருந்தது. கொணர்ந்தவன் வேறெவனும் அல்லன். அவ்வூர் ஆட்சியர் தோன் பெல்த்திரானின் ஒரே மகன் நூனியோ.

இவர்கள் பிறந்த உர்தியாலெசு குடியின் உப்பைத் தின்றவன் யான். எனினும் அதன் குறைகளை மூடி மறைக்க எனக்கு வராது. பெல்த்திரானின் தந்தை வாளேந்திக் கடல்கடந்து, கண்ட நிலமெல்லாம் தமதென்றார். அந்நிலமனைத்தும் குலவழக்கப்படி மூத்த மகனுக்கே போயின; இளையவர் பெல்த்திரானுக்கு ஆட்சிப்பொறுப்பு மட்டுமே கிடைத்தது. நூனியோ கடலுக்கு அப்பால் இசுபானியத் தாய்நாட்டில் பெரியப்பன் மாளிகையில் பட்டுடுத்து வளர்ந்தான். தனக்கென ஒரு பிடி மண்ணும் இல்லாதவன். சான் கீலின் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கு ஆளற்ற தரிசு என்றும், அதனை நூனியோவுக்கே ஈந்தோம் என்றும் திருமுகம் கூறிற்று.

அத்தரிசிலோ முந்நூறு குடிகள் விளைத்துண்டு வாழ்ந்தனர். அவர்தம் தலைவி கத்தலினா, கம்பளிப் போர்வையுடன் வாயிலருகே நின்று கேட்டிருந்தாள். விதைப்பு நாள் நெருங்கியிருந்தது. நிலம் போனால் வெள்ளிச் சுரங்கத்திற்குள் கூலியாய் இறங்குவதன்றி அவர்க்கு வேறு வழியில்லை.

தோன் பெல்த்திரான் எழுந்து, தொப்பியைக் கழற்றி, திருமுகத்தை இரு கைகளாலும் ஏந்தி, முத்திரையை முத்தமிட்டுத் தம் நரைத்த தலைமேல் வைத்தார். நூனியோவின் முகம் மலர்ந்தது. அரண்மனை நிழலிலேயே வளர்ந்த அவன், கடலுக்கு இப்பால் திருமுகங்கள் படும் பாட்டை அறியான்.

"கேட்டியா அம்மா? நாளைக்கே உன் சனங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. விதைக்கிற வேலையாவது உனக்கு மிச்சம்," என்றான்.

"அவசரப்படாதீங்க சின்னய்யா. உங்கப்பா இன்னும் பாதிதான் முடிச்சிருக்காரு," என்றாள் கத்தலினா.

ஆட்சியர் திருமுகத்தைத் தலையினின்று இறக்கினார்.

"மன்னருக்குக் கீழ்ப்படியுறேன். ஆனா இதை நிறைவேத்த மாட்டேன்."

பொய்யுரையால் மன்னர் ஏமாற்றப்பட்டாரெனில், அவர் ஆணையைத் தலைமேற்கொண்டு வணங்கி, நிறைவேற்றாது நிறுத்தி, காரணம் எழுதியனுப்புதல் அந்நாட்டு ஆட்சியர்க்கு உரிய வழக்கம். தன் மகனுக்கு எதிராகவே அவ்வாறு செய்த தந்தை மட்டும் அதுவரை எவருமிலர்.

"விளையாடுறீங்களாப்பா? முத்தம் வேற குடுத்தீங்க."

"அது மன்னருக்கு. அவர்கிட்ட யாரோ பொய் சொல்லியிருக்காங்க. ஆளில்லாத தரிசாம். வாசல்ல நிக்கிறாங்களே, இவங்க என்ன பேயா?"

"சொன்னது பெரியப்பாதான்."

"தெரியும். அதையும் சேர்த்துத்தான் எழுதப்போறேன்."

நூனியோவின் குரல் தாழ்ந்தது. "எனக்குன்னு வேற என்னப்பா இருக்கு? உங்க பதவியும் போயிடும். நம்ம குடும்பப் பேரை நீங்களே நாறடிக்கிறீங்க."

"உன் தாத்தா இப்படித்தான் ஊர் ஊரா வளைச்சாரு. அந்தச் சோத்தைத் தின்னுதான் நானும் வளர்ந்தேன். இந்த ஒண்ணையாவது விட்டுடுவோம்டா."

மகன் வெளியேறினான். அவனைத் தடுக்க எழுந்த கையைப் பெல்த்திரான் மேசைமேல் ஊன்றிக்கொண்டார். பின்னர் எழுதுகோலை எடுத்துத் தம் உடன்பிறந்தாரின் பொய்யைத் தம் கைப்படவே எழுதிக் குலமுத்திரை பொறித்தார்.

"பதில் வர எத்தனை நாளாகும் ஐயா?" என்றாள் கத்தலினா.

"ரெண்டு வருசம். கப்பல் முழுகாம இருந்தா."

"அப்ப விதைச்சிடுறோம்," என்று கூறி அவள் படியிறங்கினாள்.

இரண்டு ஆண்டல்ல, பன்னிரண்டு ஆண்டு கழிந்தும் அம்முறையீட்டிற்கு மறுமொழி வரவில்லை, அது வராதவரை திருமுகமும் நிறைவேறாது கிடந்தது; ஆட்சிப்பொறுப்பைப் பறிக்கும் ஆணை மட்டும் தவறாது வந்து சேர்ந்தது. தாய்நாடு திரும்பிய நூனியோ தந்தைக்கு ஒரு வரியும் எழுதினானில்லை. அதன்பொருட்டு அவர் அழுததுண்டு; தாம் செய்ததன்பொருட்டு ஒருநாளும் வருந்தியதில்லை. அறிவுடையீர், உர்தியாலெசு குடியினர் கைப்பற்றிய நிலங்களின் பெயரெல்லாம் அவர்தம் மாளிகை வாயிலில் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கைப்பற்றாது விட்ட நிலம் இஃதொன்றே. அதன் பெயர் அக்கல்லில் இல்லை, அந்நிலத்தில் விளைந்ததை உண்டவர்கள் மட்டும் உளர்.