எட்டாவது ஆள்

தகவல் துறையில் தலைவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவரை எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டு ஒன்பது வருடமாகியும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இளமைப் பருவம் என்ற அத்தியாயத்தில் அவர் முட்டிக்கொண்டு நின்றார். தலைவர் இளமையில் சிமெண்டுக் கிடங்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி சளி பிடித்தது. அதற்கு மேல் தோண்டினாலும் ஒன்றுமில்லை.

"வீரமா ஏதாவது வேணும்யா. அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கோம்?" என்றார் இயக்குநர்.

வாத்தியார் எழுதிவிட்டார். வெள்ளத்தில் படகு கவிழ்கிறது. ஓர் இளைஞன் ஏழு பேரைக் கரை சேர்த்துவிட்டு, எட்டாவது ஆளுக்காக மறுபடி குதிக்கிறான். உண்மையில் குதித்தது வாத்தியாரின் சொந்த அண்ணன். எட்டாவது ஆளோடு அண்ணனும் போனான். உடல் மூன்றாம் நாள்தான் கிடைத்தது. புத்தகத்தில் குதித்தவர் தலைவர்; எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அது பள்ளிக்கூடப் பாடமாயிற்று. ஆற்றங்கரையில் தலைவருக்குச் சிலை எழுந்தது. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் அண்ணி, ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"தம்பி, இது உங்க அண்ணன்தானே?"

"நல்ல விஷயம் நாலு பேருக்குத் தெரியுதுல்ல அண்ணி. பேரு மாறினா என்ன?"

"செத்தவருக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் தூக்கிக் குடுத்துட்டீங்களே!"

பிழைத்தவர்களில் இருவர் இன்னும் உயிரோடிருந்தார்கள். அண்ணி தேடிப் போனாள். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. இன்னொருவர், தலைவரின் தோளைப் பிடித்துக் கரையேறியது நேற்று நடந்த மாதிரி இருக்கிறது என்று கண் கலங்கினார். அண்ணி சிலையடியில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கினாள். ஐந்தாம் நாள் பிடித்துக்கொண்டு போனார்கள்.

விசாரணைக்கு வாத்தியாரையும் அழைத்தார்கள். எதிர் பெஞ்சில் அண்ணி.

"உங்க அண்ணன் எப்படிச் செத்தாரு?" அதிகாரி கேட்டார்.

வாத்தியாருக்கு வார்த்தை தானாகவே வந்தது. இத்தனை வருடப் பழக்கம்.

"குடிச்சிட்டு ஆத்துல விழுந்துட்டான் சார்."

"அவர் குடிக்கவே மாட்டார். எழுதிக்கோங்க சார்" என்றாள் அண்ணி.

அதிகாரி எழுதவில்லை. வாத்தியார் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து அண்ணி வெளியே வந்தாள். சிறை வாசலில் ஆட்டோவோடு காத்திருந்த வாத்தியாரை ஒரு தடவை பார்த்தாள். நேரே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.