மச்சுக்குப் படிக்கட்டு

“சுவத்துல சாயாதீங்க!”

ராஜமேரி போட்ட அதட்டலில் ஒப்பாரியே பாதியில் நின்றது. சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். புருஷன் மதலைமுத்து பெட்டிக்குள் கிடக்க, இவளுக்குச் சுவரா முக்கியம் என்று ஒருத்திக்காவது தோன்றியிருக்கும். தோன்றட்டும். அந்தச் சுவரில்தான் மச்சுக்குப் போகிற படிக்கட்டுக்கு மதலைமுத்து சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருந்தார். சேலை பட்டால் அழிந்துபோகும்.

ஓட்டுக்குக் கீழே பலகை பாவிய மச்சு அது. இத்தனை வருஷமும் புளியும் கேழ்வரகு மூட்டையும் கிடந்த இடம். மகன் அந்தோணி பிரகாஷ் ஓசூரிலிருந்து பெஞ்சாதி பிள்ளையோடு வந்தால், படுக்க இடமில்லை என்று பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுகிறான். ஏணியை எடுத்துவிட்டுப் படி கட்டி, மச்சை ரூமாக்கிவிட்டால் நாலு நாள் தங்குவான். இது ராஜமேரியின் பிடிவாதம். பாப்பாரப்பட்டியிலிருந்து கிருஷ்ணப்பன் மேஸ்திரி வந்து அளவெடுத்து நாலு மாசமாகிறது. அதற்குள் பிளான் ஆறு தடவை மாறிவிட்டது.

படி கூடத்திலிருந்து ஏறட்டும் என்றாள் அவள். சமையல்கட்டிலிருந்துதான் என்று மதலைமுத்து ஒற்றைக் காலில் நின்றார். வாய்த் தகராறு முற்றிப்போய் ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் போவாள். பாதிச் சோறு அப்படியே கிடக்கும். குடல்புண்ணுக்கு மருந்து சாப்பிடுகிற மனுஷன் வீம்புக்குப் பட்டினி கிடக்கிறாரே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள். பத்தாம் நாள் அவரே இறங்கி வந்து கூடத்துச் சுவரில் கோடு போட்டார்.

நேற்றுக் காலையில் ரத்தமாக வாந்தியெடுத்தவர், தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டார். புண் முத்திப்போச்சு என்று மகன் சொன்னான். அவளும் நம்பினாள்.

கிருஷ்ணப்பன் மேஸ்திரி மாலையோடு வந்தார். பெட்டிமேல் வைத்துவிட்டு அவளருகில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“மேஸ்திரி, வேலைய வுட்டுடாதீங்க. முப்பதாம் நாள் பூச முடிஞ்சதும் ஆரம்பிச்சிருங்க. அவரு ஆசப்பட்டது.”

மேஸ்திரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “என்னய மன்னிச்சிருங்கம்மா. மாதா பண்டிகைக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டாருங்க. ஈரல்ல கட்டி, நாலு மாசம் தாங்கறதே பெருசுன்னு டாக்டர் கைய விரிச்சிட்டாராம். வேலைய மட்டும் ஆரம்பிச்சிராத கிருஷ்ணப்பா, அவ கேக்கறப்பல்லாம் பிளான மாத்திக்கிட்டே இரு, வூட்டுக்காரி அந்த நெனப்புலயே சந்தோசமா இருக்கட்டும்னாரு. பையன் இப்பவாச்சும் உங்ககிட்ட சொல்லியிருக்கும்னு நெனச்சேங்க.”

ராஜமேரி சுவரிலிருந்த கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப அந்தப் படிக்கட்டுச் சண்ட?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “சண்ட போட்டாத்தான் வேல நெசமா நடக்கப்போவுதுன்னு நீங்க நம்புவீங்கன்னாருங்க.”

வாசல்படியில் நின்றிருந்த மகனைக் கூப்பிட்டாள். கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தான்.

“உனக்கும் தெரியுமாடா?”

“அப்பா மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரும்மா.”

“நான் பேசாம இருந்த ஒம்போது நாள்ல?”

“ஓசூர்லேர்ந்து வந்து ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். உரம் வாங்கப் போறோம்னு சொல்லிட்டுப் போனமே, அந்த ரெண்டு நாளும்தான்.”

ஏமாற்றிவிட்டார்கள். புருஷன், பெத்த பிள்ளை, கூலிக்கு வந்த மேஸ்திரி வரைக்கும் எல்லாரும் ஒரு பக்கம். அவள் ஒருத்தி மறுபக்கம். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவருக்குத் தடுமன் பிடித்தால்கூட முதலில் தெரிவது அவளுக்குத்தான். சாகப்போகிறார் என்று தெரிந்திருந்தால் ஒரு வேளைகூட அவரோடு பேசாமல் சோறு வைத்திருப்பாளா? மிச்சமிருந்ததே நாலு மாசம். அதில் ஒன்பது நாளை அவள் கையாலேயே தூக்கி எறிய வைத்துவிட்டாரே, பாவி மனுஷன்! அவளுக்கு அழுகை வரவில்லை.

கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் உள்ளே வந்தார். “சாமியார் கோயில்ல காத்துட்டிருக்காரும்மா. கடைசியா நெத்தியில ஒரு முத்தி பண்ணிடுங்க, பெட்டிய மூடிடலாம்.”

பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். ராஜமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“எல்லாரும் வெளிய போங்க.”

“நேரமாவுதும்மா...”

“நாலு மாசம் எனக்குத் தெரியாம வெச்சிருந்தீங்கல்ல? செத்த நேரம் எனக்கு வுடுங்க. போங்க.”

கூடம் காலியானது. மகன் மட்டும் பெட்டியின் கால்மாட்டில் நின்றான்.

“நானுமாம்மா?”

“நீதான் மொதல்ல.”

அவன் போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே யாரோ ஜெபமாலையை ஆரம்பித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

“ம், இப்பச் சொல்லுங்க,” என்றாள்.