நாற்காலி இல்லாத வீட்டுக்கு ஒரு முழங்கால்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. சூசாமிர் மலைக்குக் கீழே இருக்கிற மாவட்ட மருத்துவமனையில் (பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் என் தோளுக்கு அப்புறம் யார் வைத்தியம் பார்ப்பது?) பயிற்சிக் கூடத்து மேசைமேல் கிடந்தது. 'முழங்கால் மடங்குவது: தொண்ணூறு டிகிரி. நாற்காலியில் உட்காருகிறார். முழு குணம்.' கீழே கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது. தோளுக்காகக் கம்பியில் தொங்கிக்கொண்டே படித்தேன். விஷயம் தெரிந்தபோது பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கலைக்காக என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'மருந்தே இல்லாமல் மனிதரை எழுந்து நடக்கவைக்கும் மந்திரக் கைகள் ஜிபாராவுக்கு'

அடித்துவிட்டேன். ஜிபாரா அங்கே உடற்பயிற்சி சிகிச்சை தருபவள். தாளைப் படித்துவிட்டு, "ஏழு வருஷமா தொண்டை கிழிய ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டிருக்கேன். மந்திரமாம் மந்திரம்!" என்று என் மடியில் எறிந்தாள்.

இரண்டாவது தொடக்கம்: 'ஷாரிபா விழுந்த அன்று மலையில் பனி'

இதுவும் வேண்டாம். விழுந்ததில் என்ன கதை இருக்கிறது? குட்டியைக் கட்டப் போனார், தாய்க்குதிரை இடித்தது, வலது முழங்கால் பாறையில் உடைந்தது. ஆறு வாரம் கட்டு. எழுந்திருப்பதில்தான் கதை.

3

ஷாரிபாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினொரு குதிரைகளைக் கறப்பவர் (எங்கள் மலையில் குடிப்பது குதிரைப்பால்தான்). கோடை முழுக்க மேய்ச்சல் மலையில், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கறக்கவேண்டும். முதல் நாளே பாயில் மல்லாந்துகொண்டு, "நல்லா அமுக்கி விடும்மா" என்றார்.

"அமுக்கறதெல்லாம் அப்புறம். காலை மடக்குங்க அக்கா."

"வீட்ல மருமக டம்ளரைக்கூட எடுக்க விடமாட்டேங்குறா. நீ என்னடான்னா என்னை வேலை வாங்குற!"

"அந்த மருமகளாலதான் தொடை இப்படிச் சூம்பிக் கிடக்கு."

(எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான். அடிபட்டவரை மூன்று மெத்தைமேல் கிடத்தி, ஆட்டுச் சாறு ஊற்றி, அசையவே விடமாட்டார்கள். அன்பால் செய்கிற கெடுதலுக்கு யாரைத் திட்டுவது? ஜிபாரா எல்லோரையும் திட்டினாள்.)

ஐம்பது டிகிரி, எழுபது, மூன்றாவது வாரம் தொண்ணூறு. ஷாரிபா நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமை மருத்துவர் கென்ஜெபெக் கைதட்டிவிட்டுப் படிவத்தை வைத்துவிட்டுப் போனார். ஜிபாரா பேனாவைத் திறந்தாள்.

"சந்தோஷம்தானே அக்கா?"

ஷாரிபா நாற்காலியைத் தடவிப் பார்த்தார். "எங்க வீட்ல இது கிடையாதேம்மா."

பேனா நின்றது. "குதிரை கறக்க எப்படி உட்காருவீங்க? காட்டுங்க."

வலது முழங்கால் தரையில், இடது முழங்கால் நிமிர்ந்து, அதன்மேல் வாளி, ஒரு கை குதிரையின் பின்னங்காலைச் சுற்றி. இரண்டு கையும் வேலையில் இருக்கும். குதிரை மிரண்டால் கை ஊன்றாமல் சட்டென்று எழவேண்டும். ஷாரிபா பாதி இறங்கும்போதே முகம் வெளுத்துப் பக்கவாட்டில் சாய்ந்தார்.

ஜிபாராவுக்குக் காது சிவந்தது. அவளும் இந்த மலையில் பிறந்தவள்தான், தாய் கறப்பதைப் பார்த்து வளர்ந்தவள்தான். மூன்று வாரமாக ஒரு மனுஷியை நாற்காலிக்காகத் தயார் செய்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் என்ன வேலை செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்கு, மக்கு என்று தன்னையே வைதுகொண்டாள்.

"இன்னும் பத்து நாள்ல எல்லாரும் மலைக்குக் கிளம்புறாங்க" என்றார் ஷாரிபா. "கறக்க முடியலைன்னா நான் கீழேயே இருக்கணுமாம். குதிரைங்க என் ஓரகத்தி கைக்குப் போகுமாம். தனியா உக்காந்து என்ன பண்ணுவேன், சுவரையா கறப்பேன்?"

4

மறுநாள் கூடத்தின் ஏணிக்கம்பம் குதிரைக் காலானது. முழங்காலுக்குக் கீழே மடித்த கம்பளி, தொடைமேல் காலி வாளி. "கம்பத்தைக் கட்டிக்கோங்க. இறங்குங்க. கை ஊன்றாம எழுந்திருங்க. மறுபடியும்!"

"உன் கம்பம் உதைக்காதுன்னு தைரியம் உனக்கு."

"நான் உதைக்கிறேன், எழுந்திருங்க!"

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் கென்ஜெபெக் வந்தார்.

"இது ஆஸ்பத்திரியா, குதிரைக் கொட்டிலா?"

"அண்ணே, அவங்க வேலை இதுதான். மலைக்குக் கிளம்புற வரைக்கும் ஒன்பது நாள் குடுங்க."

"நடக்குறாங்களா? உக்கார்றாங்களா? அப்புறம் என்ன? கையெழுத்தைப் போடு. வெளியில ஆள் காத்திருக்கு."

"அவங்களையும் இப்படிப் பாதியில அனுப்பவா?"

"நாக்கு நீண்டுபோச்சு உனக்கு. படிவத்துல நாற்காலின்னுதான் இருக்கு, குதிரைன்னு இல்ல."

கம்பியில் தொங்கிக்கொண்டு நானும் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. (இதை முதல் வரைவில் மறைத்திருந்தேன்.)

ஜிபாரா பேனாவை எடுத்து அந்தக் கோட்டில் எழுதினாள்: 'குணமாகவில்லை. நாற்காலியில் உட்காருகிறார். அவரிடம் நாற்காலி இல்லை.'

கென்ஜெபெக் அதைக் கிழித்துப்போட்டார். புதிய படிவம் எடுத்து, 'முழு குணம்' என்று தானே நிரப்பித் தானே கையெழுத்தும் போட்டார். அன்று மதியமே ஷாரிபாவை அனுப்பிவிட்டார்கள்.

5

என் முதல் வரைவு எப்படி முடிந்தது தெரியுமா? ஷாரிபா தன் காலால் நடந்து வாசலைத் தாண்டுகிறார், நோயாளிகள் எல்லோரும் கைதட்டுகிறார்கள்.*

ஜிபாரா படித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்களும் அதே படிவத்தைத்தான் நிரப்பியிருக்கீங்க."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவள் சொன்னது சரி.

*எத்தனை கதைகளில் அடிபட்டவர் ஓர் அடி எடுத்து வைத்ததும் முற்றும் போட்டிருக்கிறோம்! அந்தக் காலோடு அவர் எந்த வேலைக்குத் திரும்பினார் என்று எவனாவது எழுதினானா? நானும்தான் எழுதவில்லை.

6

மீதி நாட்கள் ஜிபாரா வேலை முடிந்ததும் ஷாரிபா வீட்டு முற்றத்துக்குப் போனாள். மருமகளையே எண்ணச் சொன்னாள். "ஒண்ணு, ரெண்டு... அய்யோ அத்தை, போதும்!" "போதாது, எண்ணு!" என்றார் அத்தை. கடைசி நாள் வாளியில் பாதி தண்ணீர். ஷாரிபா கை ஊன்றாமல் இரண்டு முறை எழுந்தார். மூன்றாவது முறை கை தரையைத் தொட்டுவிட்டது.

"இருக்கட்டும், கூட்டிட்டுப் போகச் சொல்றேன். குதிரைங்க என்னைத் தேடும்" என்றார். விடிந்ததும் லாரி கிளம்பியது. மேலே தொலைபேசி எடுக்காது.

முடிவு (அ): பதினொரு குதிரைகளையும் கறந்துவிட்டு, ஷாரிபா புன்னகையோடு

முடிவு (ஆ): நான்காவது குதிரை மிரண்டது. ஷாரிபாவின் கை

இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. 'முழு குணம்' என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். பார்க்காத ஒன்றுக்கு நானும் கையெழுத்துப் போடமாட்டேன்.

நீங்கள்தான் முடிக்கவேண்டும். நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? இறங்குங்கள். வலது முழங்காலைத் தரையில் வையுங்கள். இடது தொடைமேல் ஒரு வாளி, பாதி தண்ணீரோடு. ஒரு கையால் ஏதாவது ஒரு கம்பத்தைச் சுற்றிக்கொள்ளுங்கள். இப்போது கையை விட்டு, எதிலும் ஊன்றாமல் எழுந்திருங்கள். உங்கள் கால் உடையாத கால், அதை மறந்துவிடாதீர்கள்.

ஒன்று.

இன்னும் பத்து குதிரை இருக்கிறது.