புளி போட்டுத் தேய்த்த காசுகள்

நான் செய்த காரியத்துக்கு என் கையை உடைக்க வேண்டும். யாரும் உடைக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் பச்சையப்பன் கூலிக்கு மண் வெட்டுகிறவர். நந்தியாற்றங்கரையில் ஒரு கரும்புக் கொல்லையில் குழாய் பதிக்கப் பள்ளம் எடுத்தபோது பதினோரு செப்புக் காசுகள் கிடைத்தன. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், மேலெல்லாம் பச்சைக் களிம்பு. ஒன்றில் தலை தெரிகிறது, இது ரோமாபுரி ராஜா காசு என்றார். அரக்கோணத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஏதோ பேப்பரில் அப்படி ஒரு படம் பார்த்தாராம். தெருவே சிரித்தது. என் தம்பி கஜபதி ஒருவன் போதாதா?

"இன்னா பாவா, ரோம்ல இருந்து கார் அனுப்பிட்டாங்களா?"

அவர் முகம் சுண்டிப் போகும். சென்னையில் பழங்காசுகளை ஆராய்கிற உதயா என்ற பெண்ணுக்கு அந்தக் காசைப் போட்டோ எடுத்து அனுப்பினார். உலோகத்தைச் சோதிக்கிற கருவியோடு நேரில் வருவதாக அவள் தேதி சொன்னாள். "அவங்க வந்து சொல்லட்டும். அப்புறம் எவன் சிரிக்கிறான்னு பாக்கலாம்" என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தத் தேதிக்கு இருபது நாள் இருக்கும்போது, மார் வலிக்கிறது என்று உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்ததும் உதயாவுக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். செத்த பிறகாவது அவர் சொன்னது நெசம் என்று இந்தத் தெரு கேட்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

படித்த பெண் வருகிறாள், அழுக்காகவா எடுத்துக் கொடுப்பது? ஆடிக் கிருத்திகைக்குப் பித்தளைச் சாமான் தேய்க்கிற மாதிரி, புளியும் உப்பும் போட்டுத் தேங்காய் நாரால் ஒவ்வொரு காசாகத் தேய்த்தேன். "அதுல கை வெக்காத" என்று அவர் சொல்லித்தான் இருந்தார். நான் எதைத் தொட்டாலும் அந்த மனுஷன் அப்படித்தான் சொல்வார். பதினோரு காசும் தகதகவென்று மின்ன, தாம்பாளத்தில் பரப்பி உதயா முன்னால் வைத்தேன். கஜபதியும் வாசலில் நின்று பார்த்தான்.

அவள் ஒரு காசை எடுத்து விரலால் தடவினாள்.

"கழுவினீங்களாம்மா?"

"ஆங். காலைல இருந்து தேய்ச்சிகினு இருந்தேன்."

ஒவ்வொரு காசையும் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். பிறகு கருவியை வைத்துப் பார்த்தாள்.

"செம்பு, கொஞ்சம் ஈயம். அவ்ளோதாங்க சொல்லுது. எந்த நாட்டுக் காசுன்னு இத வெச்சி சொல்ல முடியாது. உள்ள உலோகம் அரிச்சிப் போயிருக்கும்மா. தலையும் எழுத்தும் அந்தக் களிம்புலதான் இருந்திருக்கும்."

"போட்டோல தெரிஞ்சிச்சேம்மா?"

"கலங்கலா ஒரு தலை தெரிஞ்சிச்சி. அத நம்பித்தான் வந்தேன். ஆனா அத மட்டும் வெச்சி எழுத முடியாதுங்க."

"அவரு சொன்னது நெசமா, பொய்யா? அத மட்டும் சொல்லு."

"நெசமா இருந்திருக்கலாங்க."

கொண்டுவந்த படிவத்தில் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, அடையாளம் காண இயலவில்லை என்று எழுதினாள். கஜபதி சிரித்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன். பாவி, "வுடுக்கா" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனான்.

அவர் தண்ணீர் குடித்த பித்தளைச் சொம்பு மாடத்தில் கறுத்துப்போய்க் கிடக்கிறது. நேற்று என் மகள் ஹேமாவதி அதைத் தேய்க்கப் புளி ஊறவைத்தாள். சொம்பைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அதுல கை வெக்காத" என்றேன்.